தாத்தாவோட பொம்மை

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் கூட்டமில்லை, ஜன்னலோர சீட் கிடைத்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் பண்ணினால் நீ இதையெல்லாம் கேட்பாய், நானும் இதையெல்லாம் சொல்வேன். பிறகு "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்லம்மா" என்று இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு வரை இருப்பதாகச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது சரியில்லைதான். கடையில் அவசர வேலை என்று சம்பந்தியிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் அப்படி என்னய்யா தலைபோகிற அவசரம் என்று அவர் கேட்கவில்லை. வாசல் வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனுஷர்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறுகிறாள். வேளா வேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், துணி மடித்து வைக்கிறாள். பேச்சு மட்டும் கிடையாது. நீ போனில் சொல்லியிருப்பாய் என்று தெரிகிறது. சொல்லாமல் எப்படி இருப்பாய்? நான் குற்றம் சொல்லவில்லை. "உப்பு" என்று நான் சொன்னால் உப்பு டப்பா வருகிறது, அவள் குரல் வருவதில்லை.

ஸ்டூடிபேக்கர் மாடல் காரை மேஜை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். இடது கதவின் கீல் வளைந்திருக்கிறது, நல்லவேளை ஒடியவில்லை. மூக்கு நுனியில் கொஞ்சம் பெயிண்ட் போயிருக்கிறது. கடையில் ஃபிரேம் திருகாணி முடுக்குகிற சின்ன ஸ்குரூடிரைவரே இதற்குப் போதும். அதனால் கார் விஷயமாக நீங்கள் யாரும் மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

வாண்டு எப்படி இருக்கிறான்? நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவேண்டாமென்று நான்தான் சொன்னேன். எழுந்ததும் தாத்தா எங்கே என்று தேடினானா?

அன்புடன்,
அப்பா

---

ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவள் நான். தப்பாக அச்சான வரியைவிட விட்டுப்போன வரிதான் என் கண்ணில் முதலில் படும். உங்கள் கடிதத்தில் கதவு இருக்கிறது, கீல் இருக்கிறது, மூக்கு நுனியில் போன பெயிண்ட் இருக்கிறது. என் பிள்ளையின் கன்னம் இல்லை.

நீங்கள் எழுதாததை நான் எழுதிவிடுகிறேன். ஹாலில் டீப்பாய் மேல் காரை வைத்து மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அத்தையும் அவரும் சோபாவில் இருந்தார்கள். நான் டீ கொண்டுவந்தேன். வாண்டு காரை எடுத்துத் தரையில் வைத்து ஓட்டினான். சுவரில் முட்டியது, கதவு பிய்ந்து தொங்கியது. நீங்கள் எழுந்து போய் அவனை அறைந்தீர்கள். கையில் இல்லை, முதுகில் இல்லை, கன்னத்தில். நாலு வயசுப் பிள்ளையை.

அவன் உடனே அழவில்லை, நீங்கள் கவனித்தீர்களா? யார் அடித்தது என்று சுற்றிப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடைசியாக உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதான். தாத்தா அடிக்கிற ஆள் என்று அவன் கணக்கிலேயே இல்லை அப்பா.

அத்தை அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "தாத்தாவோட பொம்மையைத் தொடக்கூடாதுடா கண்ணு, அது தாத்தா விளையாடறது" என்றார். குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. அழுகிற பிள்ளையிடம் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வீட்டில் அவன்மேல் யாரும் கை நீட்டியதில்லை. நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட உங்கள் பக்கம் நின்று நாலு வார்த்தை பதில் பேசியிருப்பேன். பேசாமல் இருக்கிறவர்களிடம் நான் என்ன பேசுவது?

தேடினானா என்று கேட்டிருந்தீர்கள். தேடவில்லை.

எதற்கு அடித்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு கதவுக்காகவா?

உங்கள் மகள்

---

ஜூன் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். பிறகு ஒரு அம்மாள் கண்ணாடி வாங்க வந்தார். இடது கண்ணுக்கு வெட்டிய லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். தெருமுனை வரை போய்த் தலைசுற்றுகிறது என்று திரும்பி வந்தார்.

எதற்கு அடித்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன். எழுதும்போதே காது சூடாகிறது.

உன் கல்யாணத்தில் பந்திக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர். "பொண்ணோட அப்பா பொம்மை கார் சேக்கறாராமே." "ஆமா, வீடு பூரா அலமாரியாம். நல்லவேளை, சீர்வரிசையில பொம்மை வைக்கல." சிரித்தார்கள். சம்பந்தியும் பக்கத்தில் நின்றார். அவரும் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. இலையில் என்ன வைத்தார்கள் என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன். அந்த வார்த்தையை இத்தனை வருஷமாக உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அதனால்தான் இந்தத் தடவை ஸ்டூடிபேக்கரைக் கொண்டுவந்தேன். 1950 மாடல். பதினெட்டில் ஒரு பங்கு அளவு. என்னிடம் இருப்பதிலேயே நேர்த்தியான வார்ப்பு. கதவைத் திறந்தால் சீட்டுத் துணியின் கோடு தெரியும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். துண்டில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டில் இருந்த பெண், "கைக்குழந்தையா?" என்று எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை சம்பந்தி இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், இது பொம்மையில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் நன்றாகத்தான் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தக் காருக்கு முன்னால் விமான மூக்கு, பின்னால் வளைத்துப் போட்ட கண்ணாடி, எது முன்பக்கம் என்று சட்டென்று தெரியாது. "சம்பந்தி, இது வருதா, போகுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கார் ஓடிய காலத்தில் அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரித்த கேலிதான் அது. மாடல் கார் சேர்க்கிறவர்கள் கூடுகிற எங்கள் மாதக் கூட்டத்தில் நானே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததும் சுருக்கென்றது. அப்போதுதான் வாண்டு காரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து டுர்ர்ர் என்று ஓட்ட ஆரம்பித்தான். "பாருங்க, சொந்தக்காரன் வந்துட்டான்!" என்றார் சம்பந்தி. மறுபடியும் சிரிப்பு. மாப்பிள்ளையும் சிரித்தார், நீயும் டீத்தட்டோடு நின்று சிரித்தாய்.

கதவு பிய்ந்ததற்காக அடித்தேன் என்று நீங்கள் எல்லாரும் நினைக்கிறீர்கள். ரயிலில் வரும்போது நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இல்லை பாப்பா. கார் சுவரில் முட்டுவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். பெரியவர்கள் சிரித்ததற்குச் சின்னவனை அடித்தேன். அவர்களை அடிக்க முடியாது, அவனை அடிக்க முடியும். அவ்வளவுதான் விஷயம்.

எழுதிவிட்டேன். இனி உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

கீலை நிமிர்த்தி, கதவைப் பொருத்தி, மூக்குக்கு வண்ணம் தொட்டு, காரைப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். இனி அது வாண்டுவுடையது. எப்படி வேண்டுமானாலும் ஓட்டட்டும், உடைக்கட்டும், குளிக்கும்போது தண்ணீரில் போடட்டும். தாத்தா கொடுத்தார் என்று சொல்.

அப்பா

---

ஜூலை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தோம். "யாருக்கோ என்னமோ வந்திருக்கே" என்று பிரித்தேன். வாண்டு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மேல் காகிதத்தைக் கிழித்தது அவன்தான். உள்ளே பெட்டி, பெட்டியில் கண்ணாடிக் காகிதத்துக்குப் பின்னால் அந்தக் கார்.

அதைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தாத்தா உனக்கே கொடுத்துட்டாருடா, எடுத்துக்கோ" என்றேன். "தொட மாட்டேன்" என்றான். "தொடலாம்டா, உன்னோடதுதான்." "நான் தொடல. அம்மா, நான் தொடவேயில்ல." அழவில்லை. சமாதானம் சொல்கிற மாதிரி என்னிடம் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து போனான். கீழ்வீட்டுப் பிள்ளை சைக்கிள் கொண்டுவந்தாலும் இப்போதெல்லாம் தூர நின்றுதான் பார்க்கிறான். தன்னுடையது இல்லையே, தொட்டால் உடைந்துவிடும் என்கிறான்.

மன்னிப்பு கேட்க வேண்டியவர் பரிசு அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு என்ன புரியும் அப்பா? நானும் இதை முன்கூட்டியே யோசிக்கவில்லை. உங்களை மட்டும் சொல்லி என்ன?

ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களைக் கேள்வி கேட்டு எழுதினேனே, அந்தத் தகுதி எனக்கு இல்லை. அன்றைக்கு நீங்கள் அடித்ததும் நான் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். பிள்ளையிடம் இல்லை. காரிடம். குனிந்து எடுத்தது காரைத்தான். கதவை விரலால் தொட்டு, எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். அதற்குள் அத்தை அவனைத் தூக்கியாகிவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். எனக்குத் தெரியும். இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்றிருக்கிறது.

ஞாயிறுதோறும் அம்மாவின் பவுடர் பிரஷால் உங்கள் கார்களுக்குத் தூசி தட்டிக் கொடுப்பேனே, நினைவிருக்கிறதா? பியூக், பேக்கார்டு, ஹட்சன் என்று வரிசையாகச் சொல்வேன். அந்த வேலைக்கு என்னை மட்டும்தான் விடுவீர்கள் என்று அவ்வளவு பெருமை எனக்கு. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வேன். அந்தப் பெருமைதான் அன்றைக்கு என்னைக் குனிய வைத்தது என்று நினைக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கே என்னை நினைத்தால் கூசுகிறது.

காரைத் திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் அது இருக்கிற இடத்தில் அவன் நடமாட மாட்டேன் என்கிறான். நீங்களும் கொஞ்ச நாள் வர வேண்டாம் அப்பா. கோபத்தில் எழுதவில்லை.

உங்கள் மகள்

---

ஜூலை 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

கார் வந்து சேர்ந்தது. நீ எழுதியதும் வந்தது. வர வேண்டாமென்றால் வரமாட்டேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடையில் எங்கள் மாதக் கூட்டம் வந்தது. மருந்துக்கடை மாடியில் கூடுவோமே, அதுதான். மஸ்டாங் கார் மட்டுமே சேர்க்கிறவர் ஒருத்தர், அதனால் அவர் பெயரே மஸ்டாங். பல் டாக்டர் ஒருத்தர். நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ஸ்டூடிபேக்கர் கதவு எப்படி வளைந்தது என்று மஸ்டாங் கேட்டார். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆட்கள், எதையும் மறைக்க முடியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. சொன்னேன். பேரனை அறைந்தேன் என்று சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். துப்பினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மஸ்டாங் தோளில் தட்டினார். "விடுங்க சார், ஒண்ணு வெச்சாத்தான் அடுத்த தடவை பயப்படுவான். என் தம்பி பையன் ஒருத்தன் காடிலாக் காரோட பின்பக்க வாலைப் புடிச்சுத் தூக்கினான். இன்னிவரைக்கும் என் ரூம் பக்கம் வரமாட்டான்." பல் டாக்டர், "நான் என் மனைவியோடவே ஒரு மாசம் பேசல, தூசி தட்டறேன்னு ஒரு கார் கண்ணாடியை உடைச்சுட்டா" என்றார். அப்புறம் ஆளுக்கொரு கதை. யார் யாரை அடித்தார்கள், யாரைத் துரத்தினார்கள் என்று. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நடுவில் டீ வந்தது. எல்லாரும் என் பக்கம்தான் பாப்பா. ஒருத்தர்கூட எதிர்ப்பக்கம் இல்லை.

உன் வீட்டு ஹாலில்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. அங்கே உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தேன். எல்லாரும் நல்ல மனுஷர்கள். வெளியில் யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர்கள். நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்து முடித்தாள். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"கையைப் பின்னாடி கட்டிக்கிட்டானாமே" என்றாள்.

"ஆமா."

"பாப்பாவும் அப்படித்தானே நிப்பா. அலமாரி முன்னாடி. ஞாபகமில்ல?"

எனக்கு ஞாபகமில்லை.

"வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவீங்களே, 'பாருங்க, என் பொண்ணைப் பாருங்க, தானாவே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா, எவ்வளவு பொறுப்பு'ன்னு. அது பொறுப்பு இல்லைங்க. தானா வரல. மூணு வயசுல ஒரு தடவை கையில ஒண்ணு வெச்சீங்க."

நான் நம்ப மாட்டேன் என்றேன். அவள் சண்டை போடவில்லை. "அவளுக்கும் ஞாபகம் இருக்காது. கை மட்டும்தான் ஞாபகம் வெச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

பாப்பா, உனக்கு ஞாபகமில்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்பு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ காரிடம் குனிந்தாய் என்று எழுதினாயே, அதற்காக நீ கூசவேண்டாம். அதுவும் என் கணக்கில்தான் சேர வேண்டும். மாப்பிள்ளையிடம் வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை மட்டும் அப்படியே விடக்கூடாது. அவன் தப்பு செய்யவில்லை என்று நான் அவனிடம் சொல்ல வேண்டும். தனியாக இல்லை, எந்த ஹாலில் எல்லார் முன்னாலும் அடித்தேனோ அங்கேயே, சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லாரும் இருக்கும்போது. நீ எப்போது சரி என்கிறாயோ அப்போது வருகிறேன். இல்லையென்றால் காத்திருக்கிறேன்.

அப்பா

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை அவரிடம் காட்டினேன். பால்கனியில் நின்று படித்தார். நான் காரிடம் குனிந்ததையும் சொன்னேன். "பார்த்தேன்" என்றார். "அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன். "நான் கேட்டா நீ ஏதாவது காரணம் சொல்லியிருப்பே. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." பிறகு கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வயதில் நடந்தது எனக்கு ஞாபகமில்லை. யோசித்துப் பார்த்தேன், வரவேயில்லை. அதைப்பற்றி இப்போது ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

நீங்கள் வரலாம். அவர் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னார். "வரட்டும். ஆனா 'தாத்தாகிட்ட போடா, முத்தம் குடுடா'ன்னு பிள்ளையை யாரும் பிடிச்சுத் தள்ளக்கூடாது." எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஒன்றும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

உங்கள் மகள்

---

ஆகஸ்ட் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டாள். இப்போது பேசுகிறாள், கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். நான் கொண்டுபோன துண்டை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்குக் காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நீ அச்சகத்திலிருந்து வருவதற்குள்ளேயே நான் சொல்லிவிட்டேன் என்று உனக்கு வருத்தம். உன்னையும் வைத்துக்கொண்டுதான் சொல்வதாக இருந்தேன். ஹாலில் கால் வைத்ததும் முடியவில்லை. அந்த டீப்பாய் அங்கேயே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பெரிய மனுஷன் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று பயந்தேன். அதனால் நடந்ததை உனக்கு எழுதிவிடுகிறேன்.

சம்பந்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை என்று தெரிந்ததும் அணைத்தார். சம்பந்தியம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். "அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க எல்லாரும் சிரிச்சது எனக்கு ரோஷமாப் போச்சு. உங்களைச் சொல்ல முடியாம அவனை அடிச்சேன்" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது இதைவிட நீளம். வாயில் வந்தது இவ்வளவுதான்.

சம்பந்தி, "நாங்க உங்களைப் பார்த்துச் சிரிக்கலையே" என்றார். திகைத்துப் போயிருந்தார். "தெரியும், இப்பத் தெரியுது" என்றேன். சம்பந்தியம்மா, "நானும் அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேன், அதைச் சொல்லியிருக்க வேணாம்" என்றார். "நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

வாண்டு சோபாவின் பின்னால் இருந்தான். தலைமுடி மட்டும் தெரிந்தது. நான் கிட்டே போகவில்லை, இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். "தாத்தா உன்னை அடிச்சது தப்புடா. நீ காரை எடுத்ததும் தப்பில்ல, ஓட்டினதும் தப்பில்ல. தாத்தாதான் தப்பு" என்றேன். தலைமுடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு சோபாவின் பின்னாலிருந்து, "கார் வேணாம்" என்றான்.

"சரிடா. கார் கிடையாது" என்றேன்.

அவ்வளவுதான். அதன்பிறகு இருந்த இரண்டு நாளும் நீயே பார்த்தாய். நான் சோபாவில் இருந்தால் அவன் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு போவான். நான் மேஜையில் இருந்தால் சோபாவைச் சுற்றிக்கொண்டு போவான். மாப்பிள்ளை சொன்னபடி யாரும் அவனைத் தள்ளவில்லை. அதற்கு அவருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

நான் கிளம்பிய பிறகு அவன் ஏதாவது சொன்னானா? இனிப்புத் தடவாமல் எழுது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, தாங்கமாட்டார் என்றெல்லாம் பார்க்காதே.

அப்பா

---

செப்டம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

உங்களை வழியனுப்பிவிட்டு மேலே வந்தேன். கதவருகில் நின்றுகொண்டிருந்தான்.

"தாத்தா போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"ரயில்ல ஏறிட்டாரா?"

"ஏறப்போறாரு."

"இறங்கி வந்துட மாட்டாருல்ல?"

வரமாட்டார் என்றேன். உடனே உள்ளே ஓடிப்போய் தன் கட்டைகள் இருக்கிற வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து ஹால் நடுவில் கவிழ்த்தான். நீங்கள் இருந்த நாளெல்லாம் அவன் எதையும் எடுத்து விளையாடவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் அந்த ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் இறைத்து வைக்கிறவன். வீடு சுத்தமாக இருக்கிறதே என்று அத்தைகூடச் சொன்னார். அது சுத்தமில்லை, பயம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் வைத்திருந்தேன். "தாத்தா மறுபடி எப்போ வருவார்னு கேட்டான்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அம்மாவிடம் போய்ச் சொல்வீர்கள். ஆனால் அவன் கேட்கவில்லை.

மாமா உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். "ரோஷக்காரர், ஆனா வந்து நின்னாரே. எனக்கு அவ்வளவு தைரியம் வராது" என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பெரியவர்களுக்குச் சரியாகிவிட்டது என்பதால் சின்னவனுக்கும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மாதமும் வாருங்கள் அப்பா. அவன் உங்களிடம் வராவிட்டாலும் வாருங்கள். முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் வாருங்கள். நீங்கள் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட்டால் அவனுக்குத் தாத்தா என்றால் அந்த ஒரு நாள் மட்டும்தான்.

அம்மாவையும் அழைத்து வாருங்கள், முழங்கால் ஒத்துழைத்தால்.

அன்புடன்,
பாப்பா

---

செப்டம்பர் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதினாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து வேலையைப் பார்த்தேன்.

வருகிறேன். அம்மாவும் வருகிறாள். கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. அடுத்த மாதமும் வருவேன், அதற்கடுத்த மாதமும்.

ஒரு ஏற்பாடு மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன், உனக்குச் சரியா என்று பார். காலையில் அவன் எழுந்து, பல் தேய்த்து, பால் குடிக்கிற வரைக்கும் நான் வீட்டில் ஒரு ஓரமாக இருக்கிறேன். அந்த நேரம் என்னைப் பார்த்துப் பழகட்டும். அவன் விளையாட உட்காருகிற நேரம் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். உங்கள் தெருவில் மரநிழல் நன்றாக இருக்கிறது, முனையில் உட்கார பெஞ்சும் இருக்கிறது. நேற்று சம்பந்தி போன் பண்ணினார், அவரிடம் இதைச் சொன்னேன், தானும் கூட நடக்க வருவதாகச் சொன்னார்.

அவன் அவசரப்படாமல் விளையாடட்டும். "தாத்தா வந்துடுவாரு, எடுத்து வைடா" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அவனாக முடித்துவிட்டு எழுந்த பிறகு மாடியிலிருந்து ஒரு குரல் கொடு. அதுவரை நாங்கள் நடந்துகொண்டிருப்போம்.

அப்பா